பழசு வேறு, அரிது வேறு

காஞ்சிபுரம் கச்சபேசுவரர் கோவில் பக்கத்து டீக்கடையில் காலை ஆறரை மணிக்கு உட்கார்ந்தால், தறிக்குப் போகும் முன் ஒரு டீ குடிக்க வருகிறவர்களை வரிசையாகப் பார்க்கலாம். பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், போன வாரம் ஒரு மஞ்சள் பையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். பைக்குள் ஒரு பழைய வேட்டித் துணி, துணிக்குள் ஒரு கணக்கு நோட்டு, அதன் பக்கங்களுக்கு நடுவே பணம். வீட்டைப் பிரித்துக் கட்டும்போது தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாம்.

“தம்பி, நீ பழைய நோட்டெல்லாம் சேர்க்கிற ஆளு. இதெல்லாம் என்ன விலை போகும்? டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய்க்கு லட்சக்கணக்கில தர்றாங்கன்னு பேரன் போன்ல காட்டினான்” என்றார்.

மேசை ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக வைத்தோம். டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் ஒன்று. மடிப்புக் கலையாத ஒரு ரூபாய் நோட்டுகள் சில. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ஐந்து ரூபாய் ஒன்று. காந்தி உட்கார்ந்திருக்கும் பழைய பத்து ரூபாய் ஒன்று. ஜப்பானிய அரசாங்கத்தின் பெயரில் அச்சான பத்து ரூபாய் ஒன்று. கடைசியாக, 2016-இல் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட 500 ரூபாய் மூன்று.

விலை சொல்லும் முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். “அண்ணே, ‘பழைய பட்டுப்புடவை எடுக்கிறோம்’னு தெருவுல கூவிக்கிட்டு வர்றாங்களே, அவங்க எதுக்குக் காசு தர்றாங்க?”

“ஜரிகைக்குத்தான். அதுல இருக்கிற வெள்ளிக்கு. சுரண்டிப் பார்த்து, எடை போட்டுத் தருவான்.”

“அப்ப புடவை கிழிஞ்சிருந்தாலும் விலை உண்டு. நோட்டுல அப்படி உள்ளே எதுவும் இல்ல. அது வெறும் காகிதம்.”

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பழைய வெள்ளி ரூபாய்க்கு உலோக விலை என்று ஓர் அடித்தளம் உண்டு. எவ்வளவு தேய்ந்தாலும் அதற்குக் கீழே போகாது. நோட்டுக்கு அந்தத் தரை கிடையாது. நம் நோட்டுக் காகிதம் பருத்தியில் செய்தது. அந்தப் பருத்திக்கு எவனும் காசு தரமாட்டான். இந்தியாவில் ஒரு ரூபாய் நோட்டு பிறந்ததே வெள்ளித் தட்டுப்பாட்டில்தான். முதல் உலகப்போர்க் காலத்தில் நாணயம் அடிக்க வெள்ளி கிடைக்காமல், 1917 நவம்பர் 30 அன்று அரசு ஒரு ரூபாயைக் காகிதத்தில் வெளியிட்டது. அந்த நோட்டின் மேல் ஐந்தாம் ஜார்ஜ் தலையுள்ள வெள்ளி நாணயத்தின் படத்தையே அச்சிட்டார்கள். அதைத் தொடர்ந்து இரண்டரை ரூபாய்க்கும், அதாவது இரண்டு ரூபாய் எட்டணாவுக்கும், ஒரு நோட்டு வந்தது. அது சில ஆண்டுகளே புழங்கி நின்றுபோனது. இன்று சேகரிப்பாளர்கள் அதைத் தேடி அலைகிறார்கள்.

காகிதத்துக்கு விலை கொடுப்பவை மூன்று: எத்தனை மிஞ்சியிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது, அதை எத்தனை பேர் தேடுகிறார்கள். வயது இந்த மூன்றில் சேராது.

அண்ணன் முதலில் டிராக்டர் நோட்டைத்தான் நகர்த்தினார். உழவர் டிராக்டர் ஓட்ட, பின்னால் சூரியன் எழும் அந்தப் படத்தை நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் கையில் தொட்டிருப்போம். ஆண்டுக்கணக்கில், கோடிக்கணக்கில் அச்சடித்த நோட்டு. நம் ஊரில் பீரோவைத் துழாவினால் வீட்டுக்கு ஒன்றாவது கிடைக்கும். எல்லார் வீட்டிலும் இருப்பதை எவன் லட்சம் கொடுத்து வாங்குவான்? அதன் மதிப்பு ஐந்து ரூபாய். கசங்காத நோட்டென்றால் சேர்க்கத் தொடங்கும் பையன் ஒருவன் கொஞ்சம் கூடத் தரலாம், அவ்வளவுதான்.

ஒரு ரூபாய் நோட்டுகளும் பெரும்பாலும் அந்தக் கதைதான். ஆனால் அவற்றில் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையொப்பமிடுவார். ஒரு ரூபாய் மட்டும் மத்திய அரசின் நோட்டு. அதில் இருப்பது நிதித்துறைச் செயலாளரின் கையொப்பம். 1994-இல் அச்சடிப்பதை நிறுத்தி, 2015-இல் மறுபடி தொடங்கினார்கள். எந்த ஆண்டு, யார் கையொப்பம், எண்ணுக்குக் கீழே எந்த எழுத்து என்று சேகரிப்பாளர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். அந்தச் சின்ன எழுத்தை ‘இன்செட்’ என்பார்கள். ஒரே மாதிரித் தெரியும் பத்து நோட்டில் ஒன்பது சாதாரணமாகவும் ஒன்று அவர் பல வருடம் தேடியதாகவும் இருக்கலாம். நம் ஊர்ப் பெண்கள் இரண்டு மாம்பழ நிறப் புடவையைப் பக்கத்தில் வைத்து, கரையில் ஓடும் ஒரு கோட்டைப் பார்த்தே “இது வேற தறி” என்று சொல்வார்களே, அந்தக் கண்தான் இதற்கும் வேண்டும்.

அடுத்தது காந்தி உட்கார்ந்திருக்கும் பத்து ரூபாய். 1969-இல் காந்தி நூற்றாண்டுக்காக 1, 2, 5, 10, 100 ரூபாய்களில் வந்த வரிசை அது. காந்தியின் உருவம் இந்திய நோட்டில் முதன்முதலில் வந்தது அப்போதுதான். பின்னணியில் இருப்பது சேவாகிராம் ஆசிரமம். அண்ணனின் நோட்டில் அன்றைய கவர்னர் எல்.கே. ஜா கையொப்பம். அவருக்குப் பிறகு பி.என். அதர்கர் 1970 மே 4 முதல் ஜூன் 15 வரை, நாற்பத்திரண்டு நாள் மட்டுமே கவர்னராக இருந்தார். இதே வரிசையில் அதர்கர் கையொப்பத்தோடும் நோட்டுகள் உண்டு. படமும் ஆண்டு விழாவும் ஒன்றேயானாலும், ஒருவரின் பதவிக்காலம் குறுகியதால் இரண்டுக்கும் தேடல் வேறாகிவிடுகிறது. முதல் கவர்னர் ஆஸ்போர்ன் ஸ்மித்தின் கையொப்பமோ எந்த நோட்டிலும் இல்லை. ரிசர்வ் வங்கி 1935-இல் தொடங்கியது. அது தன் முதல் நோட்டை 1938 ஜனவரியில் வெளியிடும்போது அவர் பதவியில் இல்லை.

அந்த முதல் நோட்டு எது தெரியுமா? ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ஐந்து ரூபாய். அண்ணன் பையில் இருந்ததும் அதே வகைதான், கவர்னர் ஜே.பி. டெய்லர் கையொப்பத்தோடு. அண்ணன் முகம் மலர்ந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன்.

“வாட்டர்மார்க் தெரியுதா?”

“ராசா தலை தெரியுது. நடுவுல ஒரு சிலுவை மாதிரியும் வெளிச்சம் வருது.”

அந்தச் சிலுவைதான் சங்கதி. தாத்தா அந்த நோட்டை நான்காக மடித்து வைத்திருந்திருக்கிறார். இரண்டு மடிப்பும் சந்திக்கும் இடத்தில் நார் தளர்ந்து, ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. ஒரு முனை மழுங்கியிருக்கிறது. இடது ஓரத்தில் இரண்டு சிறு துளைகளும் இருந்தன. அவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வங்கிகள் கட்டுக் கட்டாகப் பின் அடித்துத்தான் நோட்டை வெளியே விட்டன. 2001-இல் ரிசர்வ் வங்கி இனி பின் அடிக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு உத்தரவிடும் வரை அதுதான் வழக்கம். அதனால் பழைய இந்திய நோட்டில் பின் துளையைச் சேகரிப்பாளர்கள் ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். மடிப்பைப் பொறுக்க மாட்டார்கள்.

நிலை என்பது அவ்வளவு முக்கியம். புழக்கத்துக்கே போகாத, மடிப்பில்லாத நோட்டை ‘யூ.என்.சி.’ என்பார்கள். அதற்குக் கீழே மடிப்பு, கசங்கல், கறை, கிழிசல் என்று படிப்படியாக இறங்கும். படி ஒன்று இறங்கினாலே விலை பாதிக்கும் கீழே போய்விடுவது உண்டு. பட்டுப்புடவையை ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் வைத்தால் ஜரிகை அந்தக் கோட்டில் முறியும் என்று நம் வீட்டுப் பெண்கள் மாற்றி மாற்றி மடித்து வைப்பார்கள். நோட்டுக்கு அந்த வழியும் கிடையாது. ஒருமுறை மடித்த கோடு கடைசிவரை நிற்கும்.

ஆனால் வெட்டு எல்லாமே குறை என்றும் நினைக்க வேண்டாம். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1861-இல் வந்த காகிதப் பணச் சட்டத்துக்குப் பிறகு அரசாங்கமே நோட்டு வெளியிடத் தொடங்கியது. அதற்கு முன் சென்னையில் 1843-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் மெட்ராஸ் போன்ற மாகாண வங்கிகளின் நோட்டுகள் புழங்கின. அரசாங்க நோட்டு வந்தபோது நாட்டை வட்டங்களாகப் பிரித்தார்கள். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று ஒவ்வொரு வட்டத்து நோட்டும் அந்தந்த வட்டத்துக்குள்தான் சட்டப்படி செல்லும். பம்பாய் வட்டத்து நோட்டோடு ஜரிகை வியாபாரி ஒருவர் இங்கே வந்திருந்தால், மாற்றித் தந்தே ஆக வேண்டும் என்று இங்கே யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 1903 தொடங்கித்தான் ஒவ்வொரு மதிப்பாக நாடு முழுவதும் செல்லுபடியாயின.

தூரத்து ஊருக்குத் தபாலில் பணம் அனுப்ப அன்று ஒரு வழி வைத்திருந்தார்கள். நோட்டை இரண்டாக வெட்டி முதல் பாதியை அனுப்புவார்கள். அது சேர்ந்தது என்று கடிதம் வந்த பிறகு மறு பாதியை அனுப்புவார்கள். வாங்கியவர் இரண்டையும் ஒட்டிக்கொள்வார். இரண்டு பாதியிலும் எண் இருக்கும், ஒத்துப்போனால் பணம். அப்படி ஒட்டிய நோட்டு ஒன்றைச் சென்னையில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் மெல்லிய காகிதப் பட்டை, நடுவே நேர்க்கோடாய் வெட்டு. அண்ணனுக்கு இதைச் சொன்னதும், “நம்ம பேட்னி மாதிரி” என்றார். சரியான சொல். உடல் பாவையும் முந்திப் பாவையும் இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும் இடத்தில் ஒரு தடம் விழும். தெரியாதவருக்கு அது பிசிறு. தெரிந்தவருக்கு அது கை வேலையின் சாட்சி. ஒட்டிய பழைய நோட்டும் அப்படித்தான். அந்த வெட்டு ஒரு காலத்தின் பயத்தையும் நம்பிக்கையையும் சேர்த்தே காட்டுகிறது.

ஜப்பானிய நோட்டை அண்ணன் மிகவும் மதித்தார். “தாத்தாவோட அண்ணன் ரங்கூன்ல இருந்தார். நடந்தே வந்தவங்க. இது ரொம்ப அபூர்வமா இருக்கும்” என்றார். எனக்குச் சொல்லத் தயக்கமாக இருந்தது. 1942-இல் பர்மாவைப் பிடித்த ஜப்பானியப் படை, தன் அரசாங்கத்தின் பெயரில் ரூபாய் அச்சடித்துப் புழங்கவிட்டது. அந்த நோட்டில் வரிசை எண் கிடையாது, பி-யில் தொடங்கும் எழுத்துகள் மட்டுமே. பி என்றால் பர்மா. மலாயாவுக்கு அடித்ததில் எம். அதன் பத்து டாலரில் வாழைமரம் இருப்பதால் அங்கே அதை வாழைப் பணம் என்றார்கள். கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்து, 1945-இல் போர் முடிந்ததும் ஒரே நாளில் வெற்றுக் காகிதமானது. மாற்றிக்கொள்ள எந்த வங்கியும் இல்லாததால் எரித்தது போக மிச்சமெல்லாம் வீடுகளில் தங்கிவிட்டது. அதனாலேயே இன்றும் உலகெங்கும் மலிவாகக் கிடைக்கிறது.

இங்கே ஒரு விஷயம் புரியும். திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் இருந்த நோட்டுதான் அரிதாகிறது. மதிப்புள்ளதை யாரும் பெட்டியில் விட்டுவைப்பதில்லை, போய் மாற்றிவிடுகிறார்கள். 1954-இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்பக்கம் தஞ்சைப் பெரிய கோவில் இருந்தது. 1978 ஜனவரி 16 அன்று ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் மூன்றும் செல்லாது என்று அவசரச் சட்டம் வந்தது. வைத்திருந்தவர்கள் ஓடிப்போய்க் கட்டினார்கள். அன்றைக்கு ஆயிரம் ரூபாயை விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்? அதனால்தான் நம் பெரிய கோவில் போட்ட அந்த நோட்டு இன்று கிடைப்பது கடினம்.

இன்னும் துல்லியமான உதாரணம் ஹஜ் நோட்டு. 1959-இல் ரிசர்வ் வங்கி ஹஜ் பயணிகளுக்கென்று தனியாகப் பத்து ரூபாயும் நூறு ரூபாயும் அச்சடித்தது. எண்ணுக்கு முன்னால் ‘எச்.ஏ.’ என்ற எழுத்துகள் இருக்கும். பயணி சவூதியில் அதைக் கொடுத்து அந்த நாட்டுப் பணமாக மாற்றுவார். நோட்டு வங்கி வழியாக இந்தியாவுக்குத் திரும்பிவிடும். புழங்கியது குறைவு, திரும்பியது கிட்டத்தட்ட முழுதும். லண்டன் ஏலம் ஒன்றில் நூறு ரூபாய் ஹஜ் நோட்டு ஒன்று நம் பணத்தில் 56 லட்சத்துக்கும் மேல் போனது. இப்படிப்பட்ட விலைகளைக் காட்டித்தான் டிராக்டர் நோட்டுக்கும் லட்சம் வரும் என்று ஆசை காட்டுகிறார்கள்.

அந்த ஆசைதான் ஆபத்து. பேரனின் போனில் இருந்த விளம்பரத்தை வாங்கிப் பார்த்தேன். நோட்டின் படத்தை அனுப்பு, எண்ணைச் சொல், இவ்வளவு லட்சம் தருகிறோம். அனுப்பிய பிறகுதான் அடுத்த செய்தி வரும்: பதிவுக் கட்டணம் கட்டு, ஜி.எஸ்.டி. கட்டு, ஆள் வர வண்டிச் செலவு கட்டு. சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டே கேட்கிறார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தனக்குப் பங்கில்லை, அதற்காக எந்தக் கட்டணமும் கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் தரவில்லை என்று தெளிவாகச் சொன்னது. அண்ணனிடம் ஒரே வரியில் சொன்னேன்: வாங்க வருகிறவன் பணம் கொடுப்பான். பணம் கேட்கிறவன் வாங்க வந்தவன் இல்லை.

உண்மையான விலை தெரிய வேண்டுமா? விற்கிறவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் கைமாறிய விலையைப் பாருங்கள். பெரிய ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை வெளியிடுகின்றன. அதே ஆண்டு, அதே கையொப்பம், அதே நிலையில் உள்ள நோட்டு எவ்வளவுக்குப் போனது என்று நாலைந்து பார்த்தால் கணக்கு பிடிபடும். சென்னையில் நாணயச் சங்கக் கூட்டங்களும் கண்காட்சிகளும் நடக்கின்றன. இரண்டு மூன்று பேரிடம் நேரில் காட்டுங்கள், முதல் ஆளிடமே விற்றுவிட வேண்டாம்.

செல்லாத 500 ரூபாய் மூன்றைப் பற்றியும் கேட்டார். வைத்திருக்கலாம், பயமில்லை. 2017-இல் வந்த சட்டப்படி, செல்லாத பழைய 500, 1000 நோட்டுகள் பத்துக்கு மேல் ஒருவரிடம் இருக்கக் கூடாது. ஆய்வுக்காகவோ சேகரிப்புக்காகவோ என்றால் இருபத்தைந்து வரை வைக்கலாம். மீறினால் பத்தாயிரம் ரூபாய் அல்லது அந்த நோட்டுகளின் முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது அபராதம்.

எப்படி வைப்பது என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது. இதில் நான் கண்டிப்பாகச் சொல்வது நான்கு. கழுவாதீர்கள். இஸ்திரி போடாதீர்கள், மடிப்பு போகாது, காகிதத்தின் மொரமொரப்புதான் போகும், கைதேர்ந்தவர் தொட்ட நொடியில் கண்டுபிடித்துவிடுவார். கிழிசலில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். அதோடு அந்த நோட்டின் கதை முடிந்தது. நாணயச் சாமான் விற்கும் கடையில் பி.வி.சி. கலக்காத தெளிவான உறை கிடைக்கும். ஒரு நோட்டுக்கு ஓர் உறை, மடிக்காமல், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்தால் போதும்.

டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று சொன்னோம். நான் நோட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, அவை இருந்த கணக்கு நோட்டைப் பிரித்தேன். பென்சிலில், சாய்வான எழுத்தில், எத்தனை மார்க் ஜரிகை வாங்கியது, எத்தனை புடவை கொடுத்தது, கூலி எவ்வளவு, எவ்வளவு பாக்கி என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. ஒரு பக்கத்தின் மூலையில், வீட்டில் பிள்ளை பிறந்த தேதி. “இது என் அப்பா” என்று விரலை வைத்துக் காட்டினார் அண்ணன்.

டிராக்டர் நோட்டு கோடிக்கணக்கில் இருக்கிறது. ஜார்ஜ் நோட்டும் நாட்டில் எத்தனையோ பேரிடம் இருக்கிறது. இந்தக் கணக்கு நோட்டு உலகத்தில் ஒன்றே ஒன்று. மிஞ்சியது எத்தனை என்பதுதான் அரிதுக்கு அளவென்றால், அந்தப் பையில் மிக அரிதானது அதுதான். எத்தனை நெசவாளி வீடுகளில் வீடு கட்டும்போது இப்படிப்பட்ட கணக்குகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டிருப்போம்!

உங்கள் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். திறந்து பாருங்கள். நோட்டு கிடைத்தால் உறையில் போட்டு வையுங்கள். யார் சம்பாதித்தது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உடன் வையுங்கள். அதோடு கிடைக்கும் கணக்கையும் கடிதத்தையும் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.